சமயத்தில் சமுதாயத்தைக் கண்ட அறிஞர் எமில் டர்க்கைம்

கடவுள் உண்டா, இல்லையா என்னும் வினா மிகப் பழையது. அதற்கு விடை காண முயன்ற தத்துவ ஞானிகளும் சமயக் குரவர்களும் எல்லா நாடுகளிலும் தோன்றியுள்ளனர். நம் நாட்டிலோ அவ்வினாவை எழுப்பாத நூற்றாண்டே இல்லை எனலாம். ஆயின், அவ்வினாவைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, மக்கள் ஒன்றுகூடி வழிபடும்பொழுது அவர்களுக்குள் நிகழ்வது யாது, அக்கூட்டம் கலைந்து அவரவர் இல்லம் திரும்பிய பின்னரும் அவர்களிடம் எஞ்சி நிற்பது யாது என்று வினவியவர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவராக வைத்து எண்ணப்படுபவர் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் எமில் டர்க்கைம் ஆவார். சமூகவியல் என்னும் கல்வித்துறையை நிலைநாட்டிய முன்னோருள் அவர் ஒருவர். பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்ந்து, ஆண்டுக்கொரு முறையேனும் ஒன்றுகூடி விழாக் கொண்டாடும் நம்மனோர்க்கு அவர்தம் வாழ்வும் ஆராய்ச்சியும் சிந்தனைக்கு விருந்தாகும் என்னும் கருத்தினால் இக்கட்டுரை எழுந்தது.

பிறப்பும் குடியும்

பிரான்சின் கிழக்கெல்லையில் லொரேன் என்றொரு நிலப்பகுதி உண்டு. அங்கே, மோசெல் ஆற்றங்கரையில் அமைந்த எப்பினால் என்னும் சிறு நகரில், 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் டர்க்கைம் பிறந்தார். தாவீது எமில் என்பது அவருடைய முழுப்பெயர். தந்தையார் மோயீஸ் டர்க்கைம், ராபி எனப்படும் யூத சமய குரு. பாட்டனாரும் அவருக்கு முந்தியவரும் அத்தொழிலையே பூண்டவர்கள். தாயார் மெலானி பூத்தையல் வேலை நடத்திக் குடும்பத்தின் வரும்படிக்குத் துணை செய்தார். செல்வம் மிகுந்த குடும்பம் அன்று; உழைப்பும் ஒழுக்கமும் சிக்கனமும் நிறைந்த குடும்பம். மைந்தர் மரபுவழி நின்று குருத்துவம் ஏற்பார் என்பதே உற்றார் எதிர்பார்ப்பு. எபிரேய மொழியும் மறைநூல்களும் இளமையிலேயே அவருக்குக் கற்பிக்கப்பட்டன.

அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்பொழுது, 1870-இல், பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. பிரான்சு தோற்றது. எப்பினால் நகருள் பகைவர் படை புகுந்தது. அல்சேசும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனியின் கைக்குப் போயின. தோல்வியுற்ற மக்கள் தம் துயருக்குக் காரணம் தேடினர். சிலர் யூதர்கள் மீது பழியைப் போட்டனர். இதனை இளம் டர்க்கைம் தம் கண்ணாரக் கண்டார். துன்புறும் சமுதாயம் தன் நோவைத் தீர்த்துக்கொள்ள யாரேனும் ஒருவரைப் பலியாகத் தேடும் என்று பிற்காலத்தே அவர் எழுதியதற்கு வித்து, அன்றே அவர் நெஞ்சில் விழுந்தது.

இளமை கடக்கும்முன்னரே அவர் குருத்துவத்தைத் துறந்தார். பின்னர் முன்னோர் நம்பிக்கையையும் விடுத்தார். எனினும் தந்தையாரை வெறுத்தாரல்லர். தம் குடியை மறைத்தாருமல்லர். நம்பிக்கை அவரை விட்டு நீங்கிற்று. அந்நம்பிக்கை மக்களிடத்தே என்ன தொழில் செய்கிறது என்னும் வினா மட்டும் அவரை விட்டு நீங்கவேயில்லை.

கல்வியும் நட்பும்

பாரிஸ் மாநகரில் எக்கோல் நார்மால் என்னும் உயர் கல்விக்கூடம் ஒன்று உண்டு. நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுத்த மாணவர் சிலருக்கே அங்கு இடம். டர்க்கைம் இருமுறை தேர்வெழுதித் தோற்றார். மனந்தளராது மூன்றாம் முறை முயன்று 1879-இல் இடம் பெற்றார். பின்னாளில் தத்துவப் பேராசிரியராகப் புகழ் பெற்ற பெர்க்சனும், தொழிலாளர் தலைவராக விளங்கிய ஜொரேசும் அக்காலத்தில் அங்குப் பயின்றவர்கள். ஜொரேசுடன் ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

அக்கல்விக்கூடத்தின் தலைமை ஏற்றிருந்த வரலாற்றாசிரியர் பஸ்டல் டி குலாஞ்சு, பண்டைய கிரேக்க, உரோம நகரங்களின் குடும்பமும் சட்டமும் உடைமையும் முன்னோர் வழிபாட்டிலிருந்து கிளைத்தவை என்று ஒரு நூலில் நிறுவியவர். சமயத்தையும் சமுதாய அமைப்பையும் ஒன்றாக வைத்து நோக்கும் பார்வையை டர்க்கைம் கற்ற இடங்களுள் இஃதொன்று.

1882 முதல் சில ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிகளில் தத்துவம் கற்பித்தார். இடையில் ஜெர்மனி சென்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களைக் கண்டு வந்தார். 1887-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரட்டைச் சிறப்புடையது. லூயிஸ் டிரெய்பஸ் என்னும் நங்கையை மணந்ததும், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்ததும் அவ்வாண்டிலேதான். சமூக அறிவியல் என்னும் பெயரால் ஒரு பாடம் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றதும் அப்பொழுதே. மேரி, ஆந்திரே என மக்கள் இருவர் பிறந்தனர். அம்மையார் இல்லறத்தை இனிது நடத்தியதோடு, கணவரின் கைப்படிகளையும் அச்சுப் பிழைகளையும் பார்த்து உதவினார்.

சமுதாயம் என்னும் மெய்ப்பொருள்

1893-இல் வேலைப் பகுப்பைப் பற்றிய நூலும், 1895-இல் சமூகவியல் ஆராய்ச்சி முறைகளைப் பற்றிய நூலும் வெளிவந்தன. மொழியை நாம் ஒவ்வொருவரும் படைத்துக்கொள்ளவில்லை. பிறக்கும்பொழுதே அது நமக்கு முன் இருக்கிறது. சட்டமும் வழக்கமும் நாணயமும் அத்தகையனவே. மீறினால் அவை நம்மைத் தண்டிக்கின்றன. தண்டனை இல்லாவிடினும் நாணச் செய்கின்றன. ஆகவே சமுதாயம் என்பது தனிமனிதர்களின் வெறுங் கூட்டுத்தொகை அன்று; தனக்கென ஓர் ஆற்றலுடைய மெய்ப்பொருள்; அதனைப் பிற இயற்கைப் பொருள்களைப் போலவே நடுநின்று ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்ட பொருள் வியப்புக்குரியது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வதைக் காட்டிலும் தனிப்பட்ட செயல் வேறொன்று உண்டோ? அதனிலும் சமுதாயத்தின் கை இருக்கிறது என்று காட்டிவிட்டால் கொள்கை நிலைபெறும் அன்றோ? ஏறத்தாழ 26,000 தற்கொலைப் பதிவுகள் வகைப்படுத்தப்பட்டன. அப்பணியில் துணை நின்றவர் அவருடைய தமக்கை மகன் மார்செல் மோஸ். மருகனுக்குத் தாய்மாமனே ஆசானும் ஆனார். 1897-இல் நூல் வெளிவந்தது.

புராட்டஸ்டண்டுக் கிறித்தவர்களிடையே தற்கொலை மிகுதி. கத்தோலிக்கரிடையே அதனிற் குறைவு. யூதர்களிடையே பொதுவாக மிகக் குறைவு. மூன்று சமயங்களும் தற்கொலையைக் கடிந்தே பேசுகின்றன. அங்ஙனமாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? கோட்பாட்டிலிருந்து அன்று, கட்டுக்கோப்பிலிருந்து என்பது டர்க்கைம் கண்ட விடை. புராட்டஸ்டண்டு நெறி ஒவ்வொருவரையும் தம் மனச்சான்றோடு தனித்து நிற்க விட்டது. கத்தோலிக்க நெறியின் பொது வழிபாடும் சடங்குகளும் மனிதனை ஒரு திருக்கூட்டத்துள் பிணித்து வைத்தன. பகைமையால் சூழப்பட்ட யூதர்களோ ஒருவரை ஒருவர் பற்றி நின்றனர். மனிதனைச் சாவினின்று காப்பது அவன் நம்பும் பொருளைக் காட்டிலும், நம்புவோர் கூட்டத்தில் அவனுக்குள்ள இடமே என்பது இதனால் பெறப்பட்டது.

கட்டு தளர்ந்தாலன்றி இறுகினால் தீங்கில்லை என்று அவர் கருதினாரல்லர். சமுதாயத்தின் பிடி அளவு கடந்து இறுகிய இடத்தும் மக்கள் உயிர் துறக்கின்றனர் என்று காட்டி, அதற்கு நம் நாட்டு உடன்கட்டை வழக்கத்தையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கூறினார். 1829-இல் சட்டத்தால் தடுக்கப்பட்ட அக்கொடுமையை நினைவுகூர்வார்க்கு, சமயத்தின் கட்டு காக்கவும் வல்லது, கொல்லவும் வல்லது என்பது விளங்கும்.

நீதிக்கு நின்றமை

டர்க்கைம் நூலகத்துள் ஒடுங்கிய அறிஞர் அல்லர். 1894-இல் பிரெஞ்சுப் படையைச் சார்ந்த டிரெய்பஸ் என்னும் யூதக் காப்டன், ஜெர்மனிக்கு மறைபொருள்களை விற்றார் என்று பொய்க்குற்றம் சாட்டப்பெற்றுத் தீவாந்தரத் தண்டனை அடைந்தார். உண்மைக் குற்றவாளி வேறொருவர் என்று தெரிந்த பின்னும், படையின் மதிப்பைக் காக்கும் பொருட்டு அத்தீர்ப்பை மாற்றலாகாது என்று பலர் வாதிட்டனர். 1898 ஜனவரியில் எழுத்தாளர் எமில் சோலா குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் விடுத்தார். நாடே இரு கூறாயிற்று.

டர்க்கைம் மனித உரிமைக் கழகத்தில் சேர்ந்து போர்தோவில் அதன் பணிகளை முன்நின்று நடத்தினார். தனிமனித உரிமை பேசுவோர் நாட்டைச் சிதைக்கின்றனர் என்று கத்தோலிக்க எழுத்தாளர் ஒருவர் கண்டித்தபொழுது, அவ்வாண்டிலேயே மறுப்புக் கட்டுரை வரைந்தார். பல தொழிலும் பல கருத்தும் பெருகிவிட்ட இக்காலச் சமுதாயத்தில் எல்லார்க்கும் பொதுவாக எஞ்சியிருப்பது மனிதர் என்னும் தன்மை ஒன்றே. ஆகவே மனிதரின் மாண்பே இன்று நம் எல்லாரையும் பிணிக்கும் புனிதப் பொருள். நிரபராதி ஒருவரைப் பலியிட்டு நாட்டைக் காப்பதாகக் கூறுவது கோயிலை இடித்துத் தெய்வத்தைக் காப்பதாகக் கூறுவதை ஒக்கும் என்னும் போக்கில் அமைந்தது அவர் வாதம். 1906-இல் டிரெய்பஸ் குற்றமற்றவர் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சமய ஆராய்ச்சி

1895-ஆம் ஆண்டளவில் அவர் போர்தோவில் சமயத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். சமுதாய வாழ்வில் சமயம் வகிக்கும் தலைமையிடத்தைத் தாம் தெளிவாக உணர்ந்தது அப்பொழுதே என்று பின்னர் அவரே குறிப்பிட்டுள்ளார். செமித்திய மக்களின் வேள்விகளை ஆராய்ந்த ராபர்ட்சன் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞரின் நூல்கள் அவருக்கு வழிகாட்டின. 1898-இல் அவர் தொடங்கிய ஆண்டிதழில் சமயத்திற்கென்றே தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. மருகர் மோஸ், வடமொழி கற்று, வேத வேள்விகளை அடிப்படையாகக் கொண்டு தம் நண்பர் ஹூபெர்டுடன் எழுதிய வேள்வி ஆராய்ச்சி 1899-இல் அவ்விதழில் வெளிவந்தது. 1902-இல் டர்க்கைம் பாரிஸ் நகரின் சோர்போன் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டார். பத்தாண்டு உழைப்பின் பயனாக, சமய வாழ்வின் தொடக்க வடிவங்கள் என்னும் பெருநூல் 1912-இல் வெளிவந்தது.

சமயம் என்பது யாது? தெய்வ நம்பிக்கையே சமயம் என்பார் பலர். அவ்விலக்கணம் குறையுடைத்து என்று காட்ட டர்க்கைம் நம் நாட்டை நோக்கினார். புத்தர் பெருமான் வகுத்த அறநெறி, படைப்புக் கடவுள் ஒருவரைச் சாராமலே துன்ப நீக்கத்திற்கு வழி காட்டுகிறது. அதனைச் சமயம் அன்று என்று யாரே கூற வல்லார்? ஆகவே இலக்கணம் வேறிடத்தில் தேடப்பட வேண்டும். எல்லாச் சமயங்களும் உலகை இரண்டாகப் பகுக்கின்றன. ஒன்று புனிதமானது, விலக்கி வைத்துக் காக்கப்படுவது. மற்றொன்று அன்றாட வாழ்வுக்குரியது. புனிதமானவற்றைப் பற்றிய நம்பிக்கைகளாலும் செயல்களாலும் ஒன்றுபட்ட ஓர் அறச் சமுதாயமே சமயம் என அவர் வரையறுத்தார். தனித்து நின்று செய்யும் மந்திர வித்தைக்காரனிடம் வாடிக்கையாளர் உண்டு, திருக்கூட்டம் இல்லை. சமயத்திற்கோ திருக்கூட்டம் இன்றியமையாதது.

இவ்வுண்மையை எளிய வடிவில் காண விரும்பி, ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களை, சிறப்பாக நடு ஆஸ்திரேலியாவின் அருண்டர்களை, அவர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். ஸ்பென்சர், கில்லன் என்னும் இருவரும் அம்மக்களிடையே வாழ்ந்து எழுதிய நூல்கள் அவருக்குச் சான்றாயின. அம்மக்கள் ஆண்டின் பெரும்பகுதி சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து வேட்டையாடியும் விதைகளைப் பொறுக்கியும் திரிவர். அக்காலத்து வாழ்வு ஒரே சீரானது, சோர்வு மிக்கது. பின்னர் ஒரு காலத்தில் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவர். இரவெல்லாம் தீயொளியில் ஆடலும் பாடலும் நிகழும். ஒருவர் உணர்ச்சி மற்றவரிடம் தொற்றி, பன்மடங்காகப் பெருகித் திரும்பி வரும். தன்னினும் பெரிய ஆற்றல் ஒன்று தன்னை ஆட்கொண்டதாக ஒவ்வொருவரும் உணர்வர்.

அவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? குலச்சின்னமாகிய கங்காருவிடமிருந்தோ பல்லியிடமிருந்தோ வந்தது என அவர்கள் எண்ணினர். அஃது உண்மையில் ஒன்றுபட்டு நின்ற அக்குலத்தின் ஆற்றலே என்றார் டர்க்கைம். போர்க்களத்தில் கொடியைக் காக்க வீரன் உயிர் விடுகிறான்; துணித்துண்டுக்காகவா உயிர் விடுகிறான்? அதனுள் நாட்டைக் காண்கிறான். அதுபோலவே சின்னத்துள் குலத்தையும், தெய்வத்துள் சமுதாயத்தையும் மக்கள் காண்கின்றனர் என்பது அவர் துணிபு. எனவே சமயம் வெறும் பொய் அன்று. அதன் குறியீடுகளுக்கு அடியில் மெய்யான ஆற்றல் ஒன்று உள்ளது. அவ்வாற்றல் காலப்போக்கில் தேய்வது. தேயாதிருக்க வேண்டின் மக்கள் குறித்த காலத்தில் மீண்டும் மீண்டும் கூட வேண்டும். விழாக்களும் நோன்புகளும் இப்புதுப்பித்தலுக்கு ஏற்பட்டவையே.

கோயில் கதவும் கல்விக்கூடமும்

இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், 1905-இல், பிரெஞ்சு அரசு திருச்சபையினின்று தன்னைச் சட்டத்தால் பிரித்துக்கொண்டது. அதற்கு முன்னரே, 1882-இல், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து சமயபோதனை நீக்கப்பட்டிருந்தது. ஆசிரியர்களுக்குக் கல்வியியல் கற்பிக்கும் பொறுப்பு டர்க்கைமுடையது. சமயத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தை வெற்றிடமாக விட்டால் ஒழுக்கமும் உடன் போய்விடும் என்று அவர் எச்சரித்தார். கட்டுப்பாடு, கூட்டத்தின்பால் பற்று, காரணம் அறிந்து தானே ஏற்கும் உரிமை ஆகிய மூன்றும் அறத்தின் கூறுகள். முன்பு சமயம் ஊட்டிய இவற்றைப் பள்ளி அறிவு வழியில் ஊட்ட வேண்டும் என்றார். தாம் கைவிட்ட நம்பிக்கையின் மதிப்பை அவர் குறைத்து எடையிட்டதில்லை என்பது இதனால் புலனாகும்.

அவர் கருத்துக்களுக்கு மறுப்புக்களும் எழுந்தன. ஆஸ்திரேலிய மண்ணை மிதியாமலே ஆராய்ந்தார் என்பது ஒன்று. புனிதம், அன்றாடம் என்னும் பிரிவு எல்லா மக்களிடத்தும் அவர் கூறிய அளவு தெளிவாக இல்லை என்பது மற்றொன்று. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே நேரில் ஆராய்ந்தோரே இதனைக் கூறினர். கடவுளன்பில் தனித்துக் கரைந்த ஞானியரையும், தம் சமுதாயத்தையே எதிர்த்து நின்ற அருளாளரையும் இக்கொள்கை எவ்வாறு விளக்கும் என்று பக்தர்கள் வினவினர். ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வேபர், சமயக் கொள்கை மக்களின் பொருளாதாரப் போக்கையே திருப்ப வல்லது என்று 1904, 1905 ஆகிய ஆண்டுகளில் வேறொரு வழியில் ஆராய்ந்தார்.

இந்தியராகிய நாம் எழுப்ப வேண்டிய வினாவும் ஒன்று உண்டு. விழாவிலே ஊர் கூடுகிறது என்கிறோம். அவ்வூர் யாருடைய ஊர்? தேரோடும் வீதியில் கால் வைக்கவும், கோயில் வாயிலைக் கடக்கவும் உரிமையற்றவராக ஒரு பகுதியினர் நூற்றாண்டுக் கணக்கில் வெளியே நிறுத்தப்பட்டனர். புனிதம் என்னும் வேலி அவர்களையும் சேர்த்து விலக்கி வைத்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டதும், 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அம்மக்கள் நுழைந்ததும் நம் வரலாற்றில் நிலைத்த நிகழ்ச்சிகள். சமயம் சமுதாயத்தின் உருவமே என்பது உண்மையாயின், சமுதாயத்தின் குறைகளும் அவ்வுருவத்தில் தெரியாமல் இரா. பிரிவினையின் இப்பக்கத்தை டர்க்கைம் தம் நூலில் விரிவாக நோக்கினாரல்லர். ஆயினும் மனிதரின் மாண்பே புனிதம் என்று 1898-இல் அவர் நாட்டிய கொள்கை, அக்கதவைத் திறக்கும் திறவுகோல்களுள் ஒன்றாக நமக்குப் பயன்படும்.

போரும் புத்திர சோகமும்

1914 ஜூலை 31-ஆம் நாள், போரைத் தடுக்கப் பாடுபட்ட நண்பர் ஜொரேஸ் பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் உலகப்போர் மூண்டது. டர்க்கைம் அறிஞர் குழு ஒன்றின் செயலாளராக இருந்து போரைப் பற்றிய ஏடுகளை வெளியிட்டார். அவருடைய மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் களத்தில் மடிந்தனர். இறப்புச் சடங்குகளைப் பற்றி அரிய கட்டுரை எழுதிய ராபர்ட் ஹெர்ட்சு 1915 ஏப்ரலில் வீழ்ந்தார்.

ஒரே மைந்தர் ஆந்திரே மொழியியல் பயின்றவர். தந்தையின் நம்பிக்கைக்கு உரியவர். பால்கன் பகுதியில் நிகழ்ந்த பின்வாங்கலின்போது அவர் காணாமற்போனார். மாதக்கணக்கில் செய்தி இல்லை. 1915 டிசம்பரில் அவர் காயத்தால் இறந்துவிட்டார் என்பது 1916-ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான் உறுதியாயிற்று. அவ்வாண்டிலேயே செனட் சபையில் உறுப்பினர் ஒருவர், டர்க்கைமின் பெயரையும் குடியையும் சுட்டி, அவர் ஜெர்மனியின் ஆள் என்று ஐயம் கிளப்பினார். மகனை நாட்டுக்குக் கொடுத்த தந்தை கேட்க நேர்ந்த சொல் அது. கல்வி அமைச்சர் எழுந்து அதனை மறுத்துரைத்தார். பன்னிரண்டு வயதில் எப்பினாலில் கண்ட காட்சி, ஐம்பத்தெட்டாம் வயதில் அவரையே தேடி வந்தது.

துயரத்தைத் தனித்துச் சுமக்காமல் கூடி அழுவதனால் சமுதாயம் தன் புண்ணை ஆற்றிக்கொள்கிறது என்று 1912-இல் எழுதியவர் அவர். அவரோ தம் துயரை ஒருவரிடமும் பகிர்ந்தாரல்லர். மகன் பேச்சை எடுப்பதையும் விரும்பாமல் பணியிலே மூழ்கினார். 1916-ஆம் ஆண்டின் இறுதியில் நோய் அவரைத் தாக்கியது. சற்றுத் தேறி, 1917-இல் அறவியலைப் பற்றி நெடுநாள் எண்ணியிருந்த நூலைத் தொடங்கினார். முன்னுரையின் ஒரு பகுதியளவில் எழுத்து நின்றது. 1917 நவம்பர் 15-ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில், அவர் காலமானார். பாரிஸ் நகரில் மோன்பர்னாஸ் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மாமன் வழி வந்த மரபு

போருக்குப் பின் எஞ்சிய மருகர் மோஸ், தாய்மாமனின் முடிவுறாத எழுத்துக்களையும், மறைந்த தோழர்களின் கைப்படிகளையும் பதிப்பிப்பதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவரிடம் பயின்றவர் லூயி டுமோன். இவர் தமிழகம் வந்து, 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரிடையே தங்கி, அவர்தம் உறவுமுறையையும் வழிபாட்டையும் ஆராய்ந்தார். ஐயனார் வழிபாட்டைப் பற்றி 1953-இல் ஒரு கட்டுரையும், அம்மக்களைப் பற்றி 1957-இல் ஒரு பெருநூலும் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். எப்பினால் நகரில் ஒரு ராபியின் இல்லத்தில் தோன்றிய வினா, மூன்று தலைமுறையில் நம் ஐயனார் கோயில் வாசலை எட்டியது.

மற்றொரு கிளையும் உண்டு. டர்க்கைமின் கருத்துக்களை ஆங்கில நாட்டில் பரப்பிய ராட்கிளிப் பிரவுனிடம் ஆக்ஸ்போர்டில் பயின்ற மைசூர் அறிஞர் எம். என். சீனிவாஸ், குடகு மக்களின் சமயமும் சமுதாயமும் பற்றி 1952-இல் நூல் எழுதினார். குடும்பமும் ஊரும் நாடும் எவ்வெவ்விழாவில் எவ்வாறு ஒன்றுபடுகின்றன என்று அந்நூல் காட்டியது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1959-இல் சமூகவியல் துறையைத் தொடங்கி வளர்த்தவரும் அவரே. இந்திய மாணவர் பலர் டர்க்கைமின் பெயரை அறிந்தது இத்தகைய ஆசிரியர்கள் வாயிலாகவே.

முடிவுரை

டர்க்கைமின் கொள்கை முழுவதையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. இறைவன் சமுதாயத்தின் நிழலே என்று கேட்கும்பொழுது பக்தியுடையார் நெஞ்சு ஒப்பாது. அவ்வாறு ஒப்பாதிருக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் அவர் கண்ட உண்மையொன்றை எக்கொள்கையினரும் மறுத்தற்கில்லை. தனித்திருக்கும் மனிதன் எளிதில் தளர்வான். கூட்டமே அவனுக்கு உரம். அக்கூட்டமும் தானே நிலைத்திராது. மக்கள் தம் வேலைகளை விட்டு வந்து, நேரில் கூடி, அதனைப் புதுப்பித்தாக வேண்டும்.

வேற்று மொழி வழங்கும் நகரங்களில் குடியேறிய தமிழர், கையில் காசு சேர்ந்தவுடன் முருகனுக்கோ பிள்ளையாருக்கோ ஒரு கோயில் எழுப்பியதும், பொங்கலுக்கு ஒன்றுகூடியதும், தமிழுக்கு ஒரு சங்கம் கண்டதும் ஏன் என்பதற்கு இதில் விடை உண்டு. ஆறு நாள் அலுவலகத்திலும் ஆலையிலும் சிதறிக் கிடப்போர் ஏழாம் நாள் தம்மைத் தமிழர் என்று உணர்வது இத்தகைய கூட்டத்திலேதான். ஊரில் இருந்தபொழுது நம்முள் யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று வகுத்த பழக்கத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. இங்கே பிறந்து வளரும் நம் மக்கள் விழாவைக் கண்டு கற்றுக்கொள்வது பாட்டையும் கோலத்தையும் மட்டும் அன்று. யார் யாரை அருகில் அமர்த்திக்கொள்கிறோம் என்பதையும் அவர்கள் உற்று நோக்கிக் கற்கின்றனர்.

எல்லாரும் வந்து அமரத்தக்க ஒரு பந்தலை ஆண்டுதோறும் அமைப்போமாக. கூடி வாழ்தலின் மறைபொருளை ஆராய்ந்து, நீதிக்கு நின்று, மைந்தனை இழந்தும் பணி மறவாத அவ்வறிஞரின் வாழ்வு அதற்கு நமக்குத் துணை செய்வதாகுக.